"உடம்பு கொதித்தது சார், ஆனால் மாரடைப்பு என்று எழுதினோம்": உப்பளத்து ஊரின் செவிலியருக்கு ஒரு பதில்

தென் மாவட்டக் கடலோரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் பொறுப்பில் சுமார் 6,000 பேர். பாதிக் குடும்பங்கள் உப்பளத்துக்குப் போகிறவை. விடிகாலை 3 மணிக்கு டார்ச் லைட்டோடு அளத்துக்குப் போனால் திரும்பி வர மதியம் ஆகிவிடும். 2025 மே மாதம் ஒருநாள், காலை 11 மணி வாக்கில், உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டுக்குச் சுமை சுமந்துகொண்டிருந்த 38 வயதுப் பெண் ஒருவர் தள்ளாடி, ஏதோ உளறி, விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் சோடா வாங்கி வாயில் ஊற்றியிருக்கிறார்கள், லோடு வண்டி வரும்வரை காத்திருந்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியில் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை இல்லை. மாரடைப்பு என்று பதிவானது. "உடம்பு கொதித்தது சார், நான் தொட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர் வைக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே சரியாக இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது ஒரு தொண்டு நிறுவனம், ஏதோ ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியோடு வந்திருக்கிறது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் கிராமம் என்று திட்டம். 20 இளைஞர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, டி-ஷர்ட், ஒரு செல்போன் செயலி, ஒரு வருஷம். இவரிடம் கேட்பது வீட்டுவாரிப் பட்டியலும் ஒரு ஆதரவுக் கடிதமும். மருத்துவ அலுவலர், "நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டாராம்.

அவர் கேட்பவை: அந்த மரணத்தை இப்போது மாற்றிப் பதிய முடியுமா, குடும்பத்துக்கு அரசு அறிவித்த 4 லட்சம் கிடைக்குமா? எங்கள் ஊரில் 40 டிகிரியைத் தொடுவதே இல்லையே, அப்புறம் எப்படி வெப்ப அலை என்று சொல்வது? எவ்வளவு விழிப்புணர்வு கொடுத்தாலும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை, என்ன செய்ய? அந்த நிறுவனத்தோடு சேரலாமா? கடைசியாக ஒன்று: "இதெல்லாம் உன் வேலையா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்."

சிஸ்டர், கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே பார்க்கலாம். முதலில் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மரணம்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது வெப்பத் தாக்கமாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உறுதியாகச் சொல்வது சரியில்லை, ஆனால் கடும் உழைப்பு, வெயில், உடம்புக் கொதிப்பு, விழுவதற்கு முன் உளறலும் தள்ளாட்டமும், இவ்வளவும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பித்துவிட்டால் அது வெறும் மயக்கம் இல்லை. "வேர்த்திருந்தது, அதனால் வெயில் அடித்ததாக இருக்காது என்று நினைத்தோம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தவறான நம்பிக்கை டாக்டர்களிடமே இருக்கிறது. தோல் காய்ந்து போவது வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கும் வயதானவர்களிடம் அதிகம். வேலை செய்துகொண்டே விழுகிறவர்களுக்கு வேர்வை கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே உடம்பு வெந்துகொண்டிருக்கும்.

இதில் முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. குளிர வைத்துவிட்டு அப்புறம் ஏற்ற வேண்டும். நம் ஊரில் எப்போதும் நடப்பது தலைகீழ்: அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவது, வண்டிக்குள் இன்னும் கொதிக்க விடுவது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, ஏனென்றால் இது காய்ச்சல் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

இதை உங்களுக்கு யாராவது கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கோடைக்கு முன் வரும் சுற்றறிக்கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கும், 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள் என்று இருக்கும். 3 மணிக்கு எழுந்து அளத்துக்குப் போகிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? எங்கள் துறை சொல்லிக்கொடுக்காமல் விட்டதை உங்கள் தலையில் பாவமாக ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பதிவை மாற்றுவது பற்றி. இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4-இல் (ஆஸ்பத்திரியில் இறந்தால்) அல்லது 4ஏ-யில் (வெளியே இறந்தால்) எழுதுவது மருத்துவரின் பொறுப்பு, உங்களுடையது இல்லை. வெப்பநிலை எழுதப்படவில்லை, பிரேதப் பரிசோதனையும் இல்லை. இத்தனை நாளைக்குப் பிறகு மாரடைப்பை வெப்பத் தாக்கம் என்று திருத்துவது மிகவும் கடினம். நேராகச் சொல்லிவிடுகிறேன், குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுத்து அலைய விட வேண்டாம்.

4 லட்சம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநில அளவிலான பேரிடராக அறிவித்தது. மாநிலப் பேரிடர் நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை இப்படி மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்று விதி இருக்கிறது, அந்த வழியில்தான் வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று காகிதத்தில் இருக்க வேண்டும், வருவாய்த் துறை விசாரிக்க வேண்டும், தானாக வந்து சேரும் பணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டு, ஆம்புலன்ஸ் பதிவு, கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் இவற்றோடு தாசில்தாரிடம் மனுக் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, கொடுக்கட்டும், முடிவு வருவாய்த் துறை கையில். அதைவிட முக்கியம், இறந்தவர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். வாரியத்தின் இயற்கை மரண உதவிக்கு வெயிலா மாரடைப்பா என்ற கேள்வியே வராது. கார்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்க, இது தெரியாமலே விட்டுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் நடப்பவற்றுக்கு ஒன்று சொல்கிறேன். வேலைத் தளத்தில் விழுந்து வருகிற யாருக்கும் முதல் காரியம் வெப்பநிலை பார்த்து, நேரத்தோடு எழுதுவது. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை வெப்ப நோய்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தினமும் தேசிய இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தேசிய காலநிலை மாற்றம் மற்றும் மனித உடல்நலத் திட்டத்தின் கீழ் வரும் வேலை இது, உங்கள் மாவட்டத்திலும் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். நம் ஆட்கள் அதில் பெரும்பாலும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போகிறார்கள். மாவட்டத்துக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யம், "அங்கே பிரச்சினை இல்லை" என்று வாசிக்கப்படும். மாரடைப்பாகவே இருந்தாலும், வெயிலில் உழைத்தது தூண்டியிருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் படிவத்தின் இரண்டாம் பகுதியில் துணைக் காரணமாக எழுதலாம். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி நீங்கள் பணிவாக ஞாபகப்படுத்தலாம், தப்பே இல்லை.

40 டிகிரி கணக்கு

சமவெளிக்கு 40 டிகிரி என்பது வானிலைத் துறை வெப்ப அலை அறிவிப்பதற்கு வைத்திருக்கும் அளவு. கடலோரத்துக்கு அந்த அளவே வேறு: 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருந்தால் போதும். ஆக உங்கள் ஊருக்கு 40 என்ற கணக்கே பொருந்தாது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த அளவு மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுவதற்காக வைத்தது, ஒரு உடம்பு எப்போது விழும் என்று சொல்வதற்காக இல்லை. கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. உப்பளத்தில் மேலே இருந்து ஒரு வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும் இன்னொரு வெயில், தலையில் சுமை. தொழில்சார் வெப்பத்தை அளக்கிறவர்கள் வெறும் தெர்மாமீட்டரை நம்புவதில்லை, ஈரம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் கருவியை வைக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் அப்படித் தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் ஆய்வு செய்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே மந்தமாகியிருந்தது. அதே குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை வாசித்ததும் உங்கள் கர்ப்பிணிப் பதிவேடுதான் என் நினைவுக்கு வந்தது. யார் கர்ப்பம், எத்தனையாவது மாதம், யார் அளத்துக்குப் போகிறார் என்பது மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் ஓரமாக 'அளம்' என்று ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களை மார்ச் மாதமே உட்கார வைத்துப் பேசுங்கள். வேலைக்குப் போகாதே என்று சொல்லாதீர்கள், கூலி போனால் நீங்களா கொடுப்பீர்கள்? சுமை தூக்குவதைத் தவிர்த்து இலகுவான வேலைக்கு மாற்றித் தர மேஸ்திரியிடம் கேட்க முடியுமா என்று பாருங்கள்.

தண்ணீர் குடிக்காதது அறியாமை இல்லை

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உப்பளத்தில் நின்றுகொண்டு தண்ணீரின் அருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, "குடிக்கலாம் சார். குடிச்சா எங்க போக?" என்றார். சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைப் பாத்தி. ஒதுங்க ஒரு உடைமரம்கூட இல்லை. அன்றைக்கு அந்தப் பாட்டி எனக்குக் கொடுத்த விழிப்புணர்வு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை.

அவர்கள் கணக்குப் போட்டுத்தான் குடிக்காமல் இருக்கிறார்கள். காலையில் ஒரு டம்ளர், வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு. நடுவில் அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. மாதவிடாய் நாட்களில் சொல்லவே வேண்டாம். கொண்டுபோகும் கேன் தண்ணீரும் 9 மணிக்கே சுடும். இவ்வளவுக்கும் மேல் கூலி. சுமை கணக்கிலோ பாத்திக் கணக்கிலோ கூலி என்றால் பத்து நிமிஷம் உட்காருவது அவள் பையிலிருந்து போகிற காசு. ஓய்வு எடுங்கள் என்று சொல்லும் எந்தத் திட்டமும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதைச் சொல்லவில்லையென்றால் எனக்கு அதில் நம்பிக்கை வராது. குஜராத்தில் சேவா பெண்கள் சங்கம் 2023-இல் 21,000 பெண்களோடு ஒரு வெப்பக் காப்பீட்டைத் தொடங்கியது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெயில் போனால் பெண்களின் கணக்கில் பணம் வரும், ரண் பகுதி உப்பளப் பெண்களும் அதில் உண்டு. வந்தது சிறு தொகைதான், அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வலிக்கிற இடம் கூலி என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நீங்கள் சொல்லாத இன்னொன்றையும் பாருங்கள்: வலி மாத்திரை. இடுப்பு வலி, கால் வலி என்று பெட்டிக்கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வழக்கம் கடும் உழைப்பு உள்ள எல்லா ஊரிலும் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தை நேரடியாக அடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கும், 2023 முதல் சிறுநீரக நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க அரசுத் திட்டமே இருக்கிறது. அளத்துப் பெண்களை அதற்குள் கொண்டுவாருங்கள்.

ஆக, கேட்க வேண்டியது நான்கு: இடம் மாற்றி நடக்கூடிய நிழல் பந்தல், குடிக்கக்கூடிய தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, கூலி வெட்டாத ஓய்வு. யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். கொஞ்சம் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கடனில் ஓட்டுகிற அளக்காரரும் உண்டு, பெரிய கம்பெனியும் உண்டு. இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சின்னவர்கள் தனித்தனியாகக் கழிப்பறை கட்ட மாட்டார்கள், நாலைந்து அளத்துக்குச் சேர்த்து ஒரு நடமாடும் கழிப்பறை என்றால் உற்பத்தியாளர் சங்கத்தோடு பேச இடம் இருக்கிறது.

நீங்கள் நேராகப் போய் முதலாளியிடம் நிற்பதை நான் சொல்ல மாட்டேன். அரசு ஊழியர் நடத்தை விதி இருக்கிறது, ஊரில் நீங்கள் தினமும் போய்வர வேண்டும். கிராம சபை இருக்கிறதே. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு ஒன்று, மே 1 தொழிலாளர் தினத்துக்கு ஒன்று, வெயிலுக்கு என்றே வைத்த மாதிரி இரண்டு தேதி! தீர்மானத்தை அந்தப் பெண்கள் கொண்டுவரட்டும், சுகாதாரத் தரப்பில் உங்களைக் கேட்டால் இருப்பதைச் சொல்லுங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடில்லாத நிதி உண்டு, பஞ்சாயத்துத் தலைவர் இருந்தால் அவரோடு, இல்லையென்றால் தனி அலுவலரோடு பேசி அதில் டிரம், தார்ப்பாய், தெர்மாமீட்டர் வாங்கலாம்.

அந்த நிறுவனத்தோடு சேரலாமா?

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடமே இல்லை, அது மாவட்ட சுகாதார அலுவலர், அதற்கும் மேலே இயக்குநரகம் என்று போகிற விஷயம். எழுத்தில் உத்தரவு வராமல் ஆதரவுக் கடிதமும் கொடுக்க வேண்டாம். வீட்டுவாரிப் பட்டியல், போன் நம்பர், நோய் விவரம், ஆதார், எதையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், வாட்ஸ்ஆப்பிலும் வேண்டாம். அவை அந்த மக்கள் உங்களை நம்பிச் சொன்னவை. ஆய்வு செய்யப் போகிறோம் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி எங்கே என்று கேளுங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் கோபப்பட மாட்டார்கள், தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் வேண்டாம் என்று துரத்திவிடவும் சொல்ல மாட்டேன். பணம் வருகிறது, அரசு விதிப்படி உடனே வாங்க முடியாத பலவற்றை அவர்கள் வாங்க முடியும், முதலாளிகளிடம் நீங்கள் பேச முடியாததை அவர்கள் பேச முடியும். மாற்ற வேண்டியது திட்டத்தின் வடிவம். 20 இளைஞர்கள், இரண்டு நாள் பயிற்சி, ஒரு வருஷம். அடுத்த ஆண்டு அந்தப் பையன்கள் எங்கே இருப்பார்கள்? திருப்பூரிலோ சென்னையிலோ. உங்கள் ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அவர்களை யாரும் இந்தக் கண்ணோடு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாக பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். பி.பி.க்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும், வெயில் நாளில் முதலில் சுருளப் போகிறவர்களில் அவர்களும் உண்டு. அளத்து மேஸ்திரி முதலில் பார்ப்பவர். லோடு வண்டி டிரைவர், 10 மணிக்கு டீ கொண்டுவருகிறவர், இவர்கள் தினமும் அங்கே இருக்கிறார்கள். அப்புறம், கடலோர ஊர்தானே, மீன் ஏலக்கூடம் இருக்கும், ஐஸ் இருக்கும். விழுந்தவரைத் தார்ப்பாயில் கிடத்தி, ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றி இரண்டு பக்கமும் ஆட்டுவது உலகம் முழுக்க ராணுவத்திலும் மாரத்தான் பந்தயங்களிலும் சொல்லிக்கொடுக்கிற முறை. அதற்குத் தேவை ஒரு தார்ப்பாய், நாலு பேர், நிறையத் தண்ணீர், ஐஸ். 108-க்கு ஒருவர் போன் போட, மற்றவர்கள் குளிர வைக்க, ஐஸ்காரர் பத்து நிமிஷத்தில் ஒரு கூடை கொண்டுவந்து கொட்ட வேண்டும். பாத்தித் தண்ணீர் உதவாது, அதுவே சூடாக இருக்கும், தனியாக ஒரு டிரம் நல்ல தண்ணீர் நிழலில் நிற்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பொது சுகாதாரக் கூட்டு முயற்சி என்று பெரிய மேடைகளில் பேசுவது இந்த அளவுக்கு இறங்கி வர வேண்டும்: காலை 11 மணிக்கு ஒருத்தி விழுந்தால் யார் என்ன செய்வார்? அதற்குப் பெயர் சொல்லிப் பதில் இருந்தால் உங்களிடம் கூட்டு இருக்கிறது.

அகமதாபாத்தில் நடந்ததும் இதுதான். 2010 மே மாத வெயிலில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் மாநகராட்சி, காந்திநகர் பொது சுகாதார நிறுவனம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் எச்சரிக்கை நிறங்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் மொட்டை மாடிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள், அது. எந்தக் குழந்தை எந்த அறையில் வேகிறது என்று யாரோ போய்ப் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு நாடு முழுக்கத் திட்டங்கள் அச்சாயின. 2023-இல் கொள்கை ஆய்வு மையம் அப்படி 37 திட்டங்களைப் படித்துப் பார்த்ததில், யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கெடுத்தவை இரண்டே இரண்டு. உங்கள் பதிவேட்டில் 'அளம்' என்று குறி போட்டால் நீங்கள் மற்ற 35-ஐவிட முன்னால் போய்விடுவீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நிறுவனத்திடம் மருத்துவ அலுவலர் வழியாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

- டி-ஷர்ட், செயலிக்குப் பதிலாக இரண்டு நடமாடும் கழிப்பறை, பந்தல், டிரம், தார்ப்பாய், ஐஸ் செலவு. கழிப்பறையை யார் சுத்தம் செய்வது, அவருக்குச் சம்பளம் யார் என்பதும் சேர்த்து.
- 20 இளைஞர்கள் வேண்டுமென்றால் அதில் பாதிக்கு மேல் அளத்தில் வேலை பார்க்கும் பெண்கள். பயிற்சி நாளுக்கு அன்றைய கூலி. சேவை என்று சொல்லிப் பெண்களிடம் இலவச வேலை வாங்குவது இந்தத் துறையில் ரொம்ப காலமாக நடக்கிறது.
- ஒரு வருஷம் கழித்து எது யார் பொறுப்பு என்று எழுத்தில்.

ஒத்துக்கொண்டால் நல்ல கூட்டாளி. செயலிதான் முக்கியம் என்று நின்றால் மருத்துவ அலுவலரிடம் உள்ளதைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலோடு முடிகிற கதையும் இல்லை இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் வெயிலில் விழுகிற அதே வீடுகள்தான் டிசம்பரில் தண்ணீருக்குள் நிற்கின்றன, மழைக்கால மூன்று மாதம் அளத்தில் வேலையும் இல்லை. அரசு அதற்குக் கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் யார் யாருக்கு வரவில்லை என்று அந்த மக்களைத் தேடி மருத்துவப் பெண்களையே கேட்டால் தெரிந்துவிடும். வெயிலுக்காக எடுத்த பட்டியலை வெள்ளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் உன் வேலையா?"

வீட்டுக்காரர் பாதி சரி. கழிப்பறை கட்டுவது, கூலி பேசுவது, முதலாளியோடு மல்லுக்கு நிற்பது உங்கள் வேலை இல்லை, அதையும் தலையில் போட்டுக்கொண்டால் நீங்கள் உடைந்து போவீர்கள். தெர்மாமீட்டர் வைப்பது, எழுதுவது, யார் ஆபத்தில் இருக்கிறார் என்று மேலே சொல்வது, விழுந்தவரை என்ன செய்ய வேண்டும் என்று நாலு பேருக்குக் காட்டிக்கொடுப்பது உங்கள் வேலை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தனிப் பொது சுகாதாரத் துறை வைத்திருக்கிற மாநிலம் இது, 1939-லேயே அதற்கெனச் சட்டம் போட்ட மாநிலம். அந்தத் துறை ஊருக்குள் வந்து நிற்கிற கடைசி ஆள் நீங்கள். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் மே மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் நேரத்துக்கு வீடு வர வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார் போலிருக்கிறது.

அதில் நியாயம் இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில், நீங்களும் இரண்டு வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் அலைகிறவருக்கு அது நீர் மாத்திரையா என்று தெரிந்திருக்க வேண்டும். அட்டையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவ அலுவலரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காட்டிவிட்டு, பட்டியல் எழுத உட்காரும்போது உங்கள் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.